கொழுக்குமலையில் என் மச்சான்

பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் மணல்மேடுதான். எங்கள் பக்கத்தில் அண்ணாந்து பார்க்கும்படி இருப்பவை இரண்டே. ஒன்று கலங்கரை விளக்கம். இன்னொன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் புவியியல் நடத்தினேன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்கத்தான் ஓய்வு பெறும்வரை நேரம் வாய்க்கவில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் கொழுக்குமலைக்குப் போய்வந்தேன். மூட்டுவலி என்று என் மனைவி வர மறுத்துவிட்டாள். "என் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க. அவனும் கடலை விட்டா வேற எதைப் பார்த்தான்?" என்றாள். மச்சானுக்கு அறுபத்து மூன்று வயது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறான். இன்றைக்கும் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். கூப்பிட்டதும் வந்துவிட்டான். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வந்து, மின்சார ரயிலில் சென்ட்ரல் போனோம். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க மூடிவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ரயிலே ஓடாமல் கிடந்தது. 2023 ஜூனில்தான் சென்னையிலிருந்து நேராகப் போடிக்கு ரயில் வந்தது. போடியிலிருந்து பேருந்தில் போடிமெட்டு ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் கேரளா. பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய் ஒரு சின்ன விடுதியில் இரவு தங்கினோம்.

கொழுக்குமலையில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போக வேண்டுமானால் குரங்கணியிலிருந்து நடந்து ஏற வேண்டும். அங்கே வேலை செய்பவர் வண்டியில் தாலுகா ஆபீசுக்குப் போக இன்னொரு மாநிலத்தைச் சுற்றி வரவேண்டும். மச்சானுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "நம்ம ஏரி மாதிரின்னு சொல்லு மாமா. தண்ணி ஒண்ணு, கவர்மென்ட்டு ரெண்டு" என்றான். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. எங்கள் பக்கம் இருப்பது கொஞ்சம்தான். எல்லை தாண்டி வலை போட்டதாக வரும் தகராறுகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருபவன் அவன்.

சூரியநெல்லியிலிருந்து மேலே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். சொந்தக் காரில் விடமாட்டார்கள், உள்ளூர் ஜீப்பில்தான் போக வேண்டும். சூரிய உதயம் பார்ப்பதற்காக விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். எங்களோடு நான்கு இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள். காது மறைய குல்லாய் போட்டுக்கொண்டு மச்சான் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தான். விஷயம் என்னவென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"சூரியன் வர்றதைப் பார்க்கவா மாமா மூணு மணிக்கு எழுப்பின? அதைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே!"

ஜீப்பே சிரித்தது. கிழக்குக் கடற்கரை மீனவனிடம் சூரிய உதயத்தைக் காட்டப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதலில் கொஞ்ச தூரம் தார் ரோடு. எஸ்டேட் கேட்டில் கட்டணம் கட்டி உள்ளே நுழைந்ததும் ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கல்தான். ஜல்லி இல்லை, தலையளவு உருண்டைக் கற்களும் பாறை விளிம்புகளும். நடுநடுவே மழைத் தண்ணீர் அரித்த பள்ளம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் ஹெட்லைட் வெளிச்சம் போய் எதிலும் முட்டாத இருட்டு. கடினமான பாதைதான், ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டிய பாதை என்று சொல்ல மாட்டேன். பழகிய டிரைவர் இருந்தால் குழந்தைகளும் போகலாம். பழகாதவர் ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே வண்டி நின்றுவிடும்.

டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். சூரியநெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன். "அய்யா, கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க, முதுகைச் சாய்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு சின்னக் கம்பியை இழுத்தார். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் கியர் அது. முன்சீட்டில் இருந்ததால் அவர் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாத்தியார் வேலை போனாலும் கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய கல் வந்தால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டப் பார்ப்போம். அவர் சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றினார். "நடுவுல விட்டா அடியில இருக்கற டிபரன்ஷியல் கொட்டை அடி வாங்கும். டயர் ஏறுனா வண்டியே தூக்கிக்கும்" என்றார். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் இழுவை அறுந்து வண்டி பின்னால் வரும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு.

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "அப்ப முகத்துவாரம் மாதிரிதான்."

பிள்ளைகள் என்னவென்று கேட்க, அவன் சொன்னான். எங்கள் ஏரியும் கடலும் சேரும் வாய்தான் முகத்துவாரம். அங்கே மணல் சேர்ந்து அலை உடையும். படகு வெளியே போகும்போது உள்ளே நிறுத்தி அலையை எண்ண வேண்டும். பெரிய அலைகள் வரிசையாக வந்துபோன பிறகு கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தில் எஞ்சினை முழுசாக முடுக்கி நேராக ஏற வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் அலை கவிழ்த்துவிடும். "பாதியில யோசிச்சவன் வீட்டுக்கு வர்றதில்ல" என்று முடித்தான். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே "கரெக்ட்டுங்கய்யா" என்றார். அதிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் மச்சான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்தேன். முழங்கை நரம்பு புடைத்திருந்தது. கடலில் விழுந்தால் நீந்தலாம், இங்கே விழுந்தால் என்ன செய்வது என்று பின்னால் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கி, விடியும் முன்பே மேலே சேர்ந்தோம். புலி வாயைப் பிளந்தது போல நிற்கும் பாறைப் பக்கம் கூட்டம் சேர்ந்திருந்தது. நல்ல குளிர். உயரம் ஏறத்தாழ 7,900 அடி என்று சொல்கிறார்கள். அதாவது சுமார் 2,400 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும் என்று பாடத்தில் நடத்தியதை அன்று என் காது மடல்கள் உறுதிசெய்தன.

சூரியன் வந்தது. காலுக்குக் கீழே போடிப் பக்கத்துச் சமவெளி முழுக்க மேகம் பரவிக் கிடந்தது. அதற்கு மேலே சிவப்பு, பிறகு பொன் நிறம். எல்லோரும் செல்போனை நீட்டினார்கள். மச்சான் மட்டும் சூரியனைப் பார்க்கவில்லை. மேகத்தைப் பார்த்தான். மலை மடிப்புகளில் அது ஏறி இறங்குவதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, கரையில அலை அடிக்குது பாரு" என்றான். உண்மைதான். மலைச் சரிவு கரை போல இருந்தது, மேகம் அலை போல மெதுவாக மோதி வழிந்தது. "வாடை அடிக்குது, இன்னும் ஒரு மணி நேரத்துல கலைஞ்சிடும்" என்றும் சொன்னான். அப்படியே கலைந்தது.

மேகம் விலகியதும் அவன் கேட்ட கேள்வி: "இங்கேருந்து கடல் தெரியுமா?"

எனக்குப் பிடித்த பாடம் இது. நம் கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானம் நான்கைந்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அதற்கு அப்பால் மறைந்துவிடும். உயரம் ஏற ஏறத் தொடுவானம் தள்ளிப்போகும். 2,400 மீட்டர் உயரத்திலிருந்து கணக்குப்படி 175 கிலோமீட்டர் வரை பார்க்கலாம். கிழக்கே தொண்டிக் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆகவே வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தெரியாது. மேற்கே அரபிக்கடல் அதைவிடக் கிட்டம், ஆனால் நடுவில் மலைகள் மறைக்கின்றன. இதையெல்லாம் விளக்கினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமே" என்றான்.

பிறகு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். 1930களில் வெள்ளைக்காரர் காலத்தில் அமைத்தது. பழைய முறையில், பழைய எந்திரங்களில் இன்னும் தேயிலை தயாரிக்கிறார்கள். இலையை வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றில் புளிக்கவிட்டு, உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை, 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குளிரில் இலை மெதுவாக வளர்வதால் வாசனை கூடுதல் என்கிறார்கள். வாசனை கூடுதல்தான். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம்.

அங்கே டீ குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. இளைஞர்களில் ஒருவர், நல்ல பிள்ளை, உற்சாகத்தில் சொன்னார்: "இந்த ரோட்டை மட்டும் போட்டுடக் கூடாது அங்கிள். போட்டா த்ரில்லே போயிடும்." மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கும் ரோடு போட்டா நஷ்டந்தாங்க. ரோடு வந்தா கார் எல்லாம் மேல வந்துடும், எங்க ஜீப்புக்கு வேலை இருக்காது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மேலேருந்து போன் வரும். நெஞ்சு வலிங்கும், பிரசவ வலிங்கும். நீங்க குலுங்கி வந்தீங்கள்ல, அதே ரோட்டுலதான் அவங்களையும் இறக்கணும். பின்சீட்டுல மெத்தை போட்டு, கல்லு கல்லாப் பார்த்து இறக்குவேன். வேகமாப் போனா அவங்களுக்கு ஆபத்து, மெதுவாப் போனாலும் ஆபத்து. அப்பெல்லாம் ரோடு இருந்தா நல்லாருக்கும்னுதான் தோணும்."

யாரும் பதில் சொல்லவில்லை. அப்போது மச்சான் பேசினான். அவன் இதைப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக அவன் வாயைத் திறந்ததில்லை.

அவன் குப்பத்துக்கு அப்போது பாலம் கிடையாது. எதற்கும் தோணியில்தான் பழவேற்காட்டுக்கு வரவேண்டும். அவன் மனைவிக்கு முதல் பிரசவம். ராத்திரி வலி கண்டது. கோடைக்காலம். எங்கள் ஏரி ஆழமில்லாதது, பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராமல் இன்னும் வற்றிவிடும். பாதி தூரத்தில் தோணி சேற்றில் தட்டி நின்றுவிட்டது. அவனும் இன்னும் மூன்று பேரும் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். கரை சேர விடிந்துவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"ஆம்பிளைப் புள்ள" என்று மட்டும் சொன்னான். பிறகு டிரைவரைப் பார்த்து, "பாலம் வந்தப்போ எங்க ஊருல தோணி ஓட்டினவங்களுக்குச் சோறு போச்சு தம்பி. எனக்குத் தெரிஞ்சே நாலு குடும்பம். ஆனா அதுல ஒருத்தன்கூட பாலம் வேணாம்னு சொல்லல. ஏன்னா அவன்தான் ராத்திரியில எல்லாரையும் ஏத்திட்டுப் போனவன். அவனுக்குத் தெரியும்" என்றான்.

ரோடு வேண்டாம் என்று சொன்ன பிள்ளை எழுந்து வந்து மச்சானின் டம்ளரை வாங்கிப்போய் இன்னொரு டீ பிடித்துக் கொடுத்தார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இறங்கும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். பாதையைப் பற்றி நாங்கள் மூன்று தரப்பும் சொன்னது மூன்று விதம். சுற்றுலா வந்தவனுக்குக் கல் பாதை ஒரு நாள் சந்தோஷம். டிரைவருக்கு அது பிழைப்பு, அதே நேரத்தில் பயம். மேலே குடியிருப்பவர்களுக்கு அது ஒன்றே வழி. நாம் பார்த்து ரசிக்கும் கரடுமுரடெல்லாம் யாரோ ஒருவருடைய ஆஸ்பத்திரி ரோடு. இதை நான் ரசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் ரசித்தேன். ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை ஒரு நாள் வந்துபோகிற எனக்கு இல்லை. ரோடு போட்டால் காடு கெடும், கூட்டம் பெருகும், குப்பை சேரும் என்பதும் உண்மைதான். அதையும் அங்கே இருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் தோன்றியது. 2011 கிறிஸ்துமஸ் அன்று எங்கள் ஊரில் உல்லாசப் படகுச் சவாரி வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2018 மார்ச்சில் இதே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அங்கே தண்ணீர், இங்கே நெருப்பு. இரண்டு இடத்திலும் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், ஓடிப்போய்த் தூக்கியவர்களில் உள்ளூர்க்காரர்கள் முன்னால் இருந்தார்கள். அழகான இடத்தை அந்த இடத்துக்காரனின் கண்ணால் பார்க்கத் தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். எத்தனை பேர் ஏறலாம், எந்த மாதம் காடு காய்ந்திருக்கும், எந்தக் காற்றில் படகு எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

என் வயதில் இருப்பவர்கள் கொழுக்குமலை போக நினைத்தால் சில விஷயங்கள்.

முதுகுத்தண்டு, கழுத்து எலும்பு சம்பந்தமாக வைத்தியம் பார்ப்பவர்கள் ஜீப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. குலுக்கல் சாதாரணமில்லை. மேலே காற்றழுத்தம் நம் கடற்கரையைவிடக் கால்வாசி குறைவு. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மாத்திரையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முன்சீட் கேட்டு வாங்குங்கள், பின்பெஞ்சில் அடி அதிகம். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். குல்லாயும் ஸ்வெட்டரும் அவசியம். பாறை விளிம்பில் போட்டோவுக்காகப் போய் நிற்க வேண்டாம்.

"சீக்கிரம் போப்பா" என்று டிரைவரை ஒருபோதும் அவசரப்படுத்தாதீர்கள். ஜீப்பில் அவர்தான் சுக்கான் பிடிப்பவர்.

ஊர் திரும்பியதும் மச்சான் குப்பத்தில் எல்லோரிடமும் மலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். சூரிய உதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். கல்லின் மேல் சக்கரத்தை எப்படி ஏற்றினார்கள் என்பதைத்தான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினானாம். போன வாரம் போன் செய்தான். அந்த டிரைவர் தம்பிக்கு ஒரு பை நெத்திலிக் கருவாடு பார்சல் அனுப்ப வேண்டுமாம், முகவரி வாங்கித் தரச் சொன்னான். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.